திருப்பூர் சங்க மெம்பர்ஷிப்: சஸ்டைனபிலிட்டி விஷயத்துல காசுக்கு வொர்த்தா?

ரேட்டிங் 5க்கு 3.5. ஆனா இது சராசரிதான், சிலருக்கு 5, சிலருக்கு 2, யாருக்கு எதுன்னு கீழ சொல்றேன்.

நான் மெம்பரா இருக்கிற தொழில் சங்கத்தோட (கம்பெனி ஓனர்ங்க சேர்ந்து வச்சிருக்கிறது) பேர் போடல. இந்த ஊர்ல நிட்டிங்குக்கு ஒண்ணு, சாயத்துக்கு ஒண்ணு, பிரிண்டிங்குக்கு ஒண்ணு, எம்பிராய்டரிக்கு ஒண்ணு, ஜாப் ஒர்க் தையலுக்கு ஒண்ணுன்னு தடுக்கி விழுந்தா சங்கம்தான், அதுல பெருசு 1990ல ஆரம்பிச்ச ஏற்றுமதியாளர்கள் சங்கம். நம்மளது சின்ன பனியன் கம்பெனிங்க, கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங் மட்டும் உள்ள, மத்ததெல்லாம் வெளில கூலிக்குக் குடுத்து வாங்குற ஜாப் ஒர்க். முன்னெல்லாம் பையர் மெயில்ல விலையும் டெலிவரி தேதியும்தான் இருக்கும், இப்ப கரண்ட் எவ்வளவு, தண்ணி எவ்வளவு, துணிக்கு சாயம் எங்க போட்டீங்க, அந்தத் தண்ணி எங்க போச்சுன்னு கேட்டு எக்ஸெல் ஷீட் அனுப்புறாங்க. ஐரோப்பாவுல 2024ல புதுச் சட்டம் வந்து டிஜிட்டல் ப்ராடக்ட் பாஸ்போர்ட்னு, அதாவது ஒரு பொருளோட விவரத்தையெல்லாம் ஸ்கேன் பண்ணிப் பாக்கிற மாதிரி, வேற ஒண்ணு வரப்போகுது. பத்து மெஷின் வச்சிருக்கிறவன் இதையெல்லாம் ஒத்தையா நின்னு சமாளிக்க முடியாது, அதுக்குத்தான் சங்கம்.

முதல்ல நல்லது. நாலு பேர் காசு போட்டு பொதுவா ஒண்ணு கட்டணும்னா இந்த ஊரை அடிச்சிக்க ஆளில்ல. சாயத்தண்ணியைச் சுத்தம் பண்ற பொது சுத்திகரிப்பு பிளான்ட் இப்ப 18 இருக்கு, ஒவ்வொண்ணுலயும் சாயப்பட்டறைக்காரங்கதான் பங்குதாரர், யாருக்கு எவ்வளவு லிட்டர்னு அளவு உண்டு, பைப்புல மீட்டர் உண்டு. உள்ள வர்ற சாயத்தண்ணியை பாக்டீரியா விட்டு சுத்தம் பண்ணி, ஆர்ஓ-வுல விட்டு நல்ல தண்ணியைப் பிரிச்சு பட்டறைக்கே திருப்பி அனுப்புறாங்க, மிச்சம் நிக்கிற உப்புத்தண்ணியைக் காய்ச்சி கிளாபர் சால்ட் எடுக்கிறாங்க, அந்த உப்பும் மறுபடி சாயத்துக்கே போகுது. வெளில ஒரு சொட்டு விடக்கூடாது, அதான் ஜீரோ டிஸ்சார்ஜ். இதை ஒரு சின்ன பட்டறை தனியா கட்டணும்னா பட்டறையை வித்தாத்தான் முடியும்.

ஆனா இதை ஏதோ சங்கமே மனசு வந்து செஞ்ச மாதிரி மேடையில பேசுறப்ப எனக்கு சிரிப்பு வரும். நொய்யல் ஆத்துல நம்ம ஊருக்குக் கீழ இருக்கிற ஒரத்துப்பாளையம் அணை 1992ல பாசனத்துக்குன்னு கட்டினது, அதுல வந்து தேங்கினது நம்ம ஊர் சாயத்தண்ணி, தண்ணி விடுங்கன்னு கேக்க வேண்டிய விவசாயிங்க தயவுசெஞ்சு விட்டுறாதீங்கன்னு கெஞ்சுற நிலைமை. கோர்ட்டுக்குப் போனதும் ஒரு சங்கம்தான், நொய்யல் ஆயக்கட்டுதாரர் சங்கம், அதாவது அந்த ஆத்துப் பாசன விவசாயிங்க சங்கம். 2006ல ஹைகோர்ட் ஜீரோ டிஸ்சார்ஜ் வேணும்னு சொல்லிச்சு, இழுத்துட்டே போயி 2011 ஜனவரில எல்லாத்தையும் மூடச் சொல்லிருச்சு, 700க்கு மேல பட்டறை ஒரே அடியா பூட்டு, நல்லவன் கெட்டவன்னு பாக்கல. சாயத்துக்கு துணியை லாரி ஏத்தி வெளியூருக்கு அனுப்பிட்டிருந்தாங்க. அப்புறம்தான் தமிழ்நாடு அரசு 200 கோடி வட்டியில்லா கடன் குடுத்து பிளான்ட்டுகளைத் தூக்கி நிறுத்துச்சு. அதனால என்னைக் கேட்டா இந்த ஊரை முதல்ல பசுமை ஆக்கினது ஆயக்கட்டுதாரர் சங்கம், தொழில் சங்கங்களுக்கு ரெண்டாவது இடம். அந்தப் பூட்டுல ஒரு நன்மையும் வந்துச்சு, ஒருத்தன் ராத்திரில திறந்து விட்டா எல்லாருக்கும் ஆப்புன்னு தெரிஞ்சதுல இருந்து பட்டறைக்காரங்களே ஒருத்தரை ஒருத்தர் கண்காணிக்கிறாங்க, எந்த ஆபீசரும் அவ்வளவு கரெக்டா செய்ய மாட்டான்.

குறை இல்லாம இல்ல. உப்பைப் பிரிச்சது போக கடைசில ஒரு கலப்பு உப்பு மிஞ்சுது, யாருக்கும் வேண்டாம், மூட்டை கட்டி ஷெட்ல அடுக்கி வச்சிருக்காங்க. தண்ணியைக் காய்ச்ச பாய்லருக்கு விறகும் கரண்டும் கொட்டணும். ஆறு தப்பிச்சது சரி, அந்தப் புகையையும் கணக்குல எழுதணும்ல. காத்தாலை, சோலார்னு போட்டவங்க நிறைய பேர் இருக்காங்க, அதுவும் பெரிய கைங்கதான்.

அடுத்து பேப்பர் வேலை, நம்மள மாதிரி ஆளுங்களுக்கு தினமும் கைக்கு வர்றது இதுதான். சங்கத்துல கிளாஸ் வைக்கிறாங்க, கன்சல்டன்ட் வர்றாரு, ஸ்லைடு பூரா இங்கிலீஷ், மத்தியானம் சாப்பாடு மட்டும் சூப்பர். ஆனா ஒரு கிளாஸ் மட்டும் உண்மையாவே உதவுச்சு. செக்கிங் டேபிள்ல கறை எடுக்க கெமிக்கல் கன் வச்சிருப்போம்ல, அந்த கேனுக்கு மேல லேபிள் இருக்கணும், அடில தட்டு இருக்கணும், அடிக்கிற பொண்ணுக்கு மாஸ்க்கும் கிளவுசும் இருக்கணும், கண்ணுல பட்டா என்ன செய்யணும்னு தமிழ்ல எழுதி செவுத்துல ஒட்டணும்னு செஞ்சே காட்டினாங்க, தமிழ்ல அடிச்ச ஷீட்டும் கையோட குடுத்தாங்க. அடுத்து கம்பெனியைச் சோதிக்க வந்த ஆடிட்டர் (கணக்கு பாக்கிறவர் இல்ல) நேரா அந்த மூலைக்குத்தான் போனாரு, கேனைத் தூக்கி அடில பாத்தாரு, டேபிள்ல இருந்த பொண்ணைக் கூப்பிட்டு படிக்கச் சொன்னாரு, அது படபடன்னு படிச்சிருச்சு. வெளில கன்சல்டன்ட் வச்சிருந்தா இதுக்கே ஒரு பில் வந்திருக்கும்.

காட்ஸ் (GOTS, ஆர்கானிக் துணிக்கான உலகத் தரச் சான்று) மாதிரி ஆர்கானிக் சர்டிபிகேட்ல சங்கத்தால பெருசா ஒண்ணும் ஆகாது. வருசா வருசம் புதுப்பிக்கணும், ஷிப்மென்ட்டுக்கு தனியா, அந்த சரக்கு ஆர்கானிக்தான்னு சொல்ற டிரான்சாக்சன் சர்டிபிகேட் எடுக்கணும், நூல்ல இருந்து சாயம் வரைக்கும் துணி போற எல்லா இடமும் அந்த வலைக்குள்ள இருக்கணும், நிட்டிங்கோ, துணி சுருங்காம இருக்கப் பண்ற காம்பாக்டிங்கோ ஒரு ஆள் விட்டுப்போனாலும் மொத்தமும் செல்லாது. சங்கம் ஏஜென்சி லிஸ்ட் குடுக்கும், டிஸ்கவுன்ட் பேசித் தர்றதா சொன்னாங்க, இன்னும் பேசிட்டே இருக்காங்க. சின்ன கம்பெனிங்க பத்து பேரைச் சேர்த்து குரூப்பா எடுக்க வழி பண்ணுங்கன்னு மீட்டிங்ல கேட்டா நோட் பண்ணிக்கிட்டோம்ங்கிறாங்க. வாட்ஸ்அப் குரூப்ல குட் மார்னிங் போடுற வேகம் இதுல இருந்தா நல்லா இருக்கும்.

விலை விஷயத்துல சுத்தமா ஜீரோ. இவ்வளவும் செஞ்சுட்டு பீஸுக்கு நாலு சென்ட் சேர்த்துக் கேட்டா பையர் வங்காளதேச ரேட்டைக் காட்டுவான். சங்கம் சேர்ந்து உக்காந்து இதுக்குக் கீழ யாரும் எடுக்காதீங்கன்னு சொல்லிப் பாத்ததெல்லாம் உண்டு, அன்னைக்கு சாயங்காலமே ஒருத்தர் கம்மி ரேட்டுக்கு ஆர்டர் எடுத்திருப்பாரு.

சாயப்பட்டறை வச்சிருக்கிறவங்களுக்கு 5, அவங்களுக்கு பொது பிளான்ட் இல்லைன்னா தொழிலே இல்ல. நேரடி ஏற்றுமதி பண்ற நடுத்தர கம்பெனிக்கு 4. முழுக்க ஜாப் ஒர்க் தையல் மட்டும்னா 2, சந்தா காசுக்கு கூரையில ரெண்டு வெளிச்ச ஷீட் மாத்துனா பகல்ல லைட் போடாம கரண்ட் பில்லாவது குறையும். சேர்றதுக்கு முன்னாடி ஆபீஸ்ல ரெண்டு கேள்வி கேளுங்க, போன வருசம் தமிழ்ல எத்தனை கிளாஸ் நடந்துச்சு, நம்ம துணி போற சாயப்பட்டறையோட பிளான்ட் டெஸ்ட் ரிப்போர்ட் காப்பி வாங்கித் தருவீங்களா. ரெண்டாவதுக்கு சரின்னு சொன்னா அன்னைக்கே சந்தா கட்டிருங்க, ஆடிட்ல முதல்ல கேக்கிறதே அந்தக் காகிதம்தான்.