தானாகப் படிக்கத் தொடங்கும் பிள்ளைக்கு: ஜூனியா, கேப்டனா, வேஸைடா?

எழுத்துக்கூட்டுவதைத் தாண்டி, ஆங்கிலத்தில் ஒரு முழுப் புத்தகத்தைத் தானே படித்துப் பார்க்க நினைக்கும் பிள்ளைக்குப் பள்ளிக்கூடச் சிரிப்புக் கதைதான் நல்ல தொடக்கம். டீச்சர், பெஞ்சு, பெல் எல்லாம் தெரிந்த உலகம். அமெரிக்கத் தொடர்களில் மூன்றை அடிக்கடி சிபாரிசு செய்கிறார்கள். மூன்றும் ஒரே மாதிரிப் பிள்ளைக்கானவை அல்ல.

டேவ் பில்கியின் ‘கேப்டன் அண்டர்பேன்ட்ஸ்’ (1997) புத்தகத்தைக் கண்டாலே ஓடுகிற பிள்ளைக்கு. இரண்டு வால்பையன்கள் தலைமையாசிரியரை ஹிப்னாடிசம் செய்து, ஜட்டி போட்ட சூப்பர்ஹீரோ ஆக்கிவிடுகிறார்கள். எங்கு பார்த்தாலும் படம். சில பக்கங்களை வேகமாகப் புரட்டினால் சண்டைக்காட்சியே அசையும். ஆனால் சீக்கிரமே கதை வகுப்பறையை விட்டு எங்கோ பறந்துவிடுகிறது.

பார்பரா பார்க் 1992-இல் தொடங்கிய ‘ஜூனி பி. ஜோன்ஸ்’ அதற்கு நேரெதிர். முதல் 17 புத்தகங்கள் கிண்டர்கார்டனை விட்டு நகராது. பள்ளிப் பேருந்தில் தலையில் சாக்லேட் பாலை ஊற்றுவார்கள் என்று கேள்விப்பட்ட ஜூனி, வீட்டுக்குக் கிளம்பும் நேரத்தில் அலமாரிக்குள் ஒளிந்துகொள்கிறாள். எல்லாரும் போன பிறகு பாத்ரூம் அவசரம்; கதவோ பூட்டியிருக்கிறது. உடனே அமெரிக்காவின் அவசர உதவி எண்ணான 911-க்கு போன்! பெரியவர்களுக்கு அற்பமாகத் தெரிகிற பயம் அந்த வயதில் எவ்வளவு பெரியது என்பதை இவ்வளவு அழகாகச் சொன்ன கதைகள் குறைவு. சிக்கல் ஒன்றுதான்: ஜூனி ஆங்கில இறந்தகால வினைகளைத் தன் இஷ்டத்துக்குப் பேசுவாள். ஆங்கிலம் பேசும் வீட்டுப் பிள்ளைக்கு அந்தத் தப்பு உடனே காதில் விழும், சிரிக்கும். வீட்டில் தமிழ் பேசும் பிள்ளை அதையே சரியென்று எடுத்துக்கொள்ளலாம். அதனால் இதைப் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துக்காட்டுங்கள்.

என் ஓட்டு லூயிஸ் சாக்கரின் ‘வேஸைடு பள்ளி’க்கு (1978). வரிசையாகக் கட்டவேண்டிய 30 வகுப்பறைகளை ஒன்றின்மேல் ஒன்றாகக் கட்டிவிட்டார்கள். பள்ளி 30 மாடிக் கட்டடம் ஆகிவிட்டது. முதல் கதையிலேயே ஒரு பொல்லாத டீச்சர் பிள்ளைகளை ஆப்பிளாக மாற்றுகிறார். ஒரு சிறுமி முகம் பார்க்கும் கண்ணாடியை நீட்ட, டீச்சரே ஆப்பிள்! 19-ஆம் மாடி கிடையாது. 19-ஆம் அத்தியாயமும் அதைச் சொல்லி, வருத்தம் தெரிவித்துவிட்டு முடிந்துவிடும். அந்த இடத்தில் பிள்ளைகள் பக்கத்தை முன்னும் பின்னும் திருப்பிப் பார்ப்பார்கள். கல்லூரி நாட்களில் சாக்கர் ஒரு தொடக்கப் பள்ளியில் உதவியாளராக இருந்தவர். பிள்ளைகளின் பேச்சு இயல்பாக வருவதற்கு அதுவே காரணம் என்று நினைக்கிறேன். ஒவ்வொரு கதையும் சில பக்கங்கள்தான், வாக்கியங்களும் சின்னவை. படுக்கப்போகும் முன் ஒன்றை முடித்துவிடலாம். முடித்த தெம்பில் அடுத்ததைக் கேட்பார்கள். படம் குறைவு என்பது மட்டும் குறை.

முதலில் வேஸைடு, கூடவே வாசித்துக்காட்ட ஜூனி. அடம்பிடிக்கிற பிள்ளையென்றால் தயங்காமல் கேப்டன். ஜூனியை வரிசை எண் பார்த்து வாங்குங்கள். 18-ஆவது புத்தகத்தில்தான் அவள் முதல் வகுப்புக்குப் போகிறாள்.