பூலா, ஸ்னூக்கரா: முதல் அடியிலேயே தெரியும் வித்தியாசம்

பூல், ஸ்னூக்கர் இரண்டும் கோலால் வெள்ளைப் பந்தை அடித்து, அதைக் கொண்டு மற்ற பந்துகளைக் குழியில் தள்ளும் மேசை ஆட்டங்கள். இவற்றைப் புதிதாகப் பார்ப்பவர்கள் மேசையின் அளவையும் பந்துகளின் நிறத்தையும்தான் முதலில் ஒப்பிடுவார்கள். நான் தொடக்க அடியைக் கவனிக்கச் சொல்வேன். பூல் ஆடுபவர் உடல் பலம் முழுவதையும் திரட்டி, அடுக்கி வைத்த பந்துகளைச் சிதறடிக்கிறார். அந்த அடியிலேயே ஒன்றிரண்டு பந்துகள் குழியில் விழ வேண்டும் என்பது அவர் கணக்கு. ஸ்னூக்கர் ஆடுபவரோ அடுக்கின் ஓரத்துச் சிவப்புப் பந்தை லேசாக உரசிவிட்டு, வெள்ளைப் பந்தை மேசையின் ரப்பர் ஓரங்களான குஷன்களில் மோதவைத்து, அது புறப்பட்ட முனைக்கே திருப்பிக் கொண்டுவருகிறார். எதுவும் விழவில்லை, எதிராளிக்கு அடிக்கவும் ஒன்றுமில்லை என்றால் அவருக்கு அதுவே திருப்தி.

இந்த மனப்போக்கு ஆட்டம் முழுவதும் தொடர்கிறது. காரணம், தவறுக்கான தண்டனை. பூலின் ஒரு வகையான ஒன்பது பந்து ஆட்டத்தில், மேசையில் இருப்பவற்றில் குறைந்த எண் கொண்ட பந்தைத்தான் வெள்ளைப் பந்து முதலில் தொட வேண்டும். தொடத் தவறினால் எதிராளி வெள்ளைப் பந்தைக் கையில் எடுத்து, விரும்பிய இடத்தில் வைத்து ஆடலாம். தேர்ந்த ஆட்டக்காரர் எதிரே இருந்தால் அந்த ஒரு தவறோடு கதை முடிந்தது. ஸ்னூக்கரில் தவறுக்கு 4 முதல் 7 புள்ளிகள் எதிராளிக்குப் போகும். வெள்ளைப் பந்து குழியில் விழாதவரை, நின்ற இடத்திலேயே நிற்கும். அதனால் எதிராளி நேராக அடிக்க முடியாதபடி வெள்ளைப் பந்தை மற்ற பந்துகளுக்குப் பின்னால் ஒளித்து வைத்து ஆடுவதே அங்கே தனிக் கலையாகிவிட்டது. ஒரே சிவப்புப் பந்துக்காக இருவரும் மாறிமாறிப் பதுங்கிப் பத்து நிமிடம் ஓட்டுவதும் உண்டு. பொறுமையில்லாதவர்களுக்கு அது தண்டனை. எனக்கு ஆட்டத்தின் உயிரே அங்கேதான் இருக்கிறது.

புள்ளிக் கணக்கும் வேறு. பூலின் இன்னொரு வகையான எட்டுப் பந்து ஆட்டத்தில் புள்ளிகளே கிடையாது. முழு நிறப் பந்துகள் ஒருவருக்கு, பட்டைப் பந்துகள் மற்றவருக்கு. தன் ஏழு பந்துகளையும் போட்டு முடித்தவர் கறுப்பு எட்டைப் போட்டால் வெற்றி. நடு ஆட்டத்தில் அந்த எட்டைத் தவறுதலாக விழவைத்தால் அதுவரை செய்ததெல்லாம் வீண். ஸ்னூக்கரில் சிவப்புக்கு 1, மஞ்சளுக்கு 2 என்று தொடங்கிக் கறுப்புக்கு 7 வரை புள்ளிகள். சிவப்பு, பிறகு ஒரு நிறம், மீண்டும் சிவப்பு என்று போக வேண்டும். சிவப்புகள் தீரும்வரை நிறப் பந்துகள் குழியிலிருந்து மேசைக்குத் திரும்பிக்கொண்டே இருக்கும். 15 சிவப்புகளுடனும் கறுப்பையே போட்டு, கடைசியில் ஆறு நிறங்களையும் வரிசையாக முடித்தால் 147. 1997இல் இங்கிலாந்து ஆட்டக்காரர் ரோனி ஓ'சல்லிவன் இதை ஐந்தரை நிமிடத்துக்குள் முடித்தார்.

கருவிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஸ்னூக்கர் மேசை 12 அடி, போட்டிகளுக்கான பூல் மேசை 9 அடி. ஆடும் பரப்போ ஏறக்குறைய இரு மடங்கு வேறுபடும். பூல் பந்தின் விட்டம் 57 மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூடுதல், ஸ்னூக்கர் பந்து 52.5. கோலின் முனையும் ஸ்னூக்கரில் மெல்லியது. உண்மையான தொல்லை குழியின் வாயில் இருக்கிறது. ஸ்னூக்கர் குழி குறுகலானது, அதன் விளிம்புகள் வளைந்தவை. குஷனை ஒட்டி வேகமாக வரும் பந்து விளிம்பில் பட்டால் இருபுறமும் ஆடிவிட்டு வெளியே வந்து நிற்கும். அதே அடி பூல் மேசையில் பல நேரம் உள்ளே போய்விடும்.

இதை வைத்துப் பூல் எளிது என்று முடிவு கட்டுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. சிறிய மேசையில் பந்துகள் நெருங்கிக் கிடப்பதால், அடுத்த பந்துக்கு வெள்ளை எங்கே வந்து நிற்க வேண்டும் என்பதில் ஓர் அங்குலம் பிசகினாலும் வழி அடைபடும். ஒரு பந்தின் தலைக்கு மேல் வெள்ளையைத் தாவவைக்கும் அடி பூலில் அனுமதிக்கப்பட்ட வித்தை. ஸ்னூக்கரில் அது தவறு. பூலின் தொடக்க அடியைச் சீராக அடிப்பதற்கே தனிப் பயிற்சி தேவை.

நண்பர்கள் நால்வர் கூடியிருக்கிறார்கள், ஒரு மணி நேரம்தான் இருக்கிறது என்றால் பூல்தான் சரி. ஆட்டங்கள் சீக்கிரம் முடியும், யாரும் வெகுநேரம் உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. முறையாகக் கற்க நினைப்பவர் ஸ்னூக்கரில் தொடங்கட்டும். நீண்ட மேசையில் கோல் நேராகப் போகவில்லை என்றால் உடனே தெரிந்துவிடும், திருத்திக்கொள்ளலாம். மகளிர் ஸ்னூக்கரில் உலகப் பட்டங்கள் வென்ற ஆலிசன் ஃபிஷர், 1990களின் நடுவில் அமெரிக்கா போய்ப் பூலுக்கு மாறினார். ஒன்பது பந்து ஆட்டத்திலும் உலகப் பட்டம் வென்றார்.