முதலில் எது: 'அந்த நாள்' அல்லது 'உதிரிப்பூக்கள்'?

பழைய தமிழ்ப் படம் ஒன்று சொல்லுங்கள் என்று கேட்பவர்களிடம் இந்த இரண்டையும் சொல்வேன். உடனே அடுத்த கேள்வி: "ரெண்டுல முதல்ல எதைப் பார்க்கிறது?"

தொடக்கம்
அந்த நாள் (1954): துப்பாக்கிச் சத்தம். ரேடியோ என்ஜினியர் ராஜன் சரிகிறார். சுடப்பட்டவர் சிவாஜி! கதாநாயகனைப் பிணமாக்கிவிட்டுத்தான் கதையே ஆரம்பம்.
உதிரிப்பூக்கள் (1979): அவசரமே இல்லை. ஊர், ஆறு, இரண்டு குழந்தைகள். பத்து நிமிடம் பொறுக்க வேண்டும்.

பாட்டு
அந்த நாள்: ஒன்றுகூடக் கிடையாது. எடுத்தவர் எஸ். பாலசந்தர், வீணை வித்வான் என்பதுதான் வேடிக்கை.
உதிரிப்பூக்கள்: இளையராஜா. 'அழகிய கண்ணே' ஒன்று போதும்.

வில்லன்
இங்கேதான் 'உதிரிப்பூக்கள்' இயக்குநர் மகேந்திரன் ஒரு படி மேலே. அதில் வில்லனாக வரும் விஜயன் கத்துவதில்லை, கண்ணை உருட்டுவதில்லை. சாதாரணமாக நின்று பேசுகிறார். நமக்கு வயிற்றைப் பிசைகிறது. 'அந்த நாள்' படத்தில் வில்லன் யார் என்பதே புதிர் என்பதால் வாயைத் திறக்க மாட்டேன்.

கறுப்பு வெள்ளை என்றாலே எழுந்து போகும் பிள்ளைகளோடு பார்ப்பதென்றால் 'அந்த நாள்'. கொலையாளி யார் என்று பந்தயம் கட்டி உட்கார வைத்துவிடலாம். துப்பு தெரிந்தபின் மறுபடி பார்ப்பதில் சுவை கொஞ்சம் குறையும். 'உதிரிப்பூக்கள்' தனியாக, இரவில், போனை அணைத்துவிட்டு. மறுநாள் லீவு இருந்தால் நல்லது.