குளிரில் முரண்டு பிடிக்கும் பழைய கிக்கர் வண்டி: பல குளிர்காலங்கள் ஓட்டிய அனுபவம்

என்னிடம் இருப்பது பழைய ஒற்றை சிலிண்டர், நான்கு ஸ்ட்ரோக் வண்டி. 6 வோல்ட் பேட்டரி, பாயின்ட் (காயிலின் கரன்ட்டைத் துண்டிக்கும் சின்ன சுவிட்ச்), அதில் பொறி பறக்காமல் அடக்கும் கண்டன்சர், பிளக்குக்கு வோல்டேஜை ஏற்றும் காயில், டிக்லர் (அழுத்தினால் கூடுதல் பெட்ரோலை வழியவிடும் பொத்தான்) வைத்த கார்புரேட்டர். செல்ஃப் கிடையாது, கிக்கர்தான். வெயில் காலத்தில் இரண்டு உதைக்குள் பிடித்துக்கொள்ளும். குளிர்காலத்தில் ஒரு ஓட்டத்துக்கும் அடுத்த ஓட்டத்துக்கும் நடுவில் இரண்டு மூன்று வாரம் நின்றுவிட்டால் போதும், யாரோ வண்டியை மாற்றிவைத்துவிட்டுப் போனது போல இருக்கும். உதைத்து உதைத்து முழங்கால் கழன்றதுதான் மிச்சம்.

"பழைய வண்டி, குளிர், அப்படித்தான் இருக்கும்" என்று சொல்பவர்கள் நிறைய. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இந்த வண்டியெல்லாம் கடுங்குளிரிலும் தினமும் வேலைக்குப் போய்வர வாங்கி ஓட்டப்பட்டவைதான். நான் பார்த்தவரையில், வெயிலில் சமாளித்துக்கொண்டிருந்த கோளாறு குளிரில் சமாளிக்க முடியாமல் வெளியே வருகிறது. அதனால் குளிர்காலத்தில் கண்டுபிடித்துச் சரிசெய்ததெல்லாம் வெயில் காலத்திலும் பலன் கொடுத்தது.

குளிர் என்ன செய்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெட்ரோல் முழுமையாக எரிய, எடைக்கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு சுமார் 14.7 பங்கு காற்று வேண்டும். ஆனால் எரிவது ஆவியான பெட்ரோல் மட்டுமே. குளிர்ந்த எஞ்சினில் பாதி பெட்ரோல் இன்லெட் குழாயின் சுவரில் ஈரமாக ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். அதனால்தான் சோக் (காற்றைக் குறைப்பது), டிக்லர் எல்லாம். ஆயில் கெட்டிப்படுவதால் உதையின் வேகம் குறைகிறது. ஈய-அமில பேட்டரி 0 டிகிரியில் தன் கொள்ளளவில் ஏறத்தாழ 80 சதவீதம்தான் தரும். மூன்று பக்கமும் கொஞ்சம் கொஞ்சம் குறைகிறது, அவ்வளவுதான். எல்லாம் சரியாக இருக்கும் வண்டி இந்தக் குறைவைத் தாங்கும். ஏற்கெனவே ஒரு பக்கம் பலவீனமான வண்டி தாங்காது.

வண்டி பிடிக்கவில்லை என்றால் நான் முதலில் பார்ப்பது பிளக்கை. முறைப்படி நாலைந்து உதை உதைத்துவிட்டு, உடனே கழற்றி முனையைப் பார்க்க வேண்டும். காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை. நனைந்து பெட்ரோல் வாடை அடித்தால் பெட்ரோல் வருகிறது, நெருப்பு (பிளக்கின் பொறி) போதவில்லை, அல்லது பெட்ரோல் மிதமிஞ்சிப் போயிருக்கிறது. தேடுகிற இடம் இதிலேயே பாதியாகக் குறைந்துவிடும். இதைப் பார்க்காமல் கார்புரேட்டரைப் பிரிப்பவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல்தான் வரும்.

காய்ந்த பிளக் என்றால் பெரும்பாலும் கார்புரேட்டரில் பைலட் ஜெட் (பெட்ரோல் விடும் சின்னத் துளை) அடைத்திருக்கும். நின்ற வாரங்களில் ஃப்ளோட் பவுலில் (கார்புரேட்டரின் அடியில் பெட்ரோல் நிற்கும் கிண்ணம்) இருக்கும் பெட்ரோலின் லேசான பகுதி ஆவியாகிப் போய்விடும். குளிரில் எஞ்சினைப் பற்றவைக்க உதவுவதே அந்த லேசான பகுதிதான். மிச்சம் இருப்பது கனமானது. அது பிசினாகி ஜெட் துளையில் படிந்துவிடும். மெயின் ஜெட்டின் துளை பெரியது, தப்பித்துக்கொள்ளும். பைலட் துளை ஊசிமுனை அளவுதான். ஸ்டார்ட் ஆவதும் ஐடிலிங்கும் அதை நம்பித்தான். ஜெட்டைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். சுத்தமான துளை வட்டமாக, விளிம்பு கூர்மையாகத் தெரியும். அடைப்பு தொடங்கியது மங்கிய மஞ்சளாக, ஒரு பக்கம் நசுங்கியது போலத் தெரியும். கம்பி விட்டுக் குத்தக் கூடாது, பித்தளையில் துளை பெரிதாகிவிடும். கார்புரேட்டர் கிளீனரில் ஊறவைத்துக் காற்றடித்தால் போதும்.

எத்தனால் கலந்த பெட்ரோலில் இன்னொரு தொல்லை. 10 சதவீத எத்தனால் உள்ள பெட்ரோல் சாதாரண வெப்பத்தில் சுமார் அரை சதவீதம் வரை தண்ணீரைத் தன்னுள் கரைத்து வைத்துக்கொள்ளும். குளிர்ந்தால் அந்த அளவு குறையும். மிஞ்சிய தண்ணீர் எத்தனாலையும் இழுத்துக்கொண்டு அடியில் தங்கும். அடியில்தான் ஜெட்டும் இருக்கிறது. அதனால் ஓட்டி முடித்து நிறுத்தும்போது பெட்ரோல் டேப்பை மூடி, எஞ்சின் தானாக அணையும்வரை ஓடவிடுகிறேன். பவுலில் அடியில் எஞ்சியதை வடிகால் திருகைக் கழற்றி வடித்துவிடுகிறேன். இத்தனை குளிர்காலங்களில் நான் பழகிய எல்லாவற்றிலும் அதிகப் பலன் கொடுத்தது இதுதான். காசும் ஆகாது.

டேப்பில் கார்க் வைத்த வண்டி என்றால் டாங்கைக் காலியாக வைக்காதீர்கள். காய்ந்தால் கார்க் சுருங்கி ஒழுகும். டாங்க் மூடியின் காற்றுத் துளையையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நனைந்த பிளக்கில் இரண்டு வகை. டிக்லரை அழுத்திக்கொண்டே இருந்ததால் வழிந்தது என்றால், டேப்பை மூடி, சோக்கை விலக்கி, ஆக்சிலேட்டரை முழுக்கத் திருகிப் பிடித்து, சாவி ஆஃபில் சில உதைகள். அப்புறம் காய்ந்த பிளக். இது அவசரக்காரர்களுக்கு வரும் வியாதி. இரண்டாவது வகை, நெருப்பு பலவீனமாக இருப்பது. என் வண்டியில் நெடுநாள் தொல்லை கொடுத்தது அதுதான்.

வெளியே பிளக்கை வைத்துப் பார்த்தால் நெருப்பு வரும். வண்டியில் மாட்டினால் பிடிக்காது. இதில் மர்மம் ஒன்றும் இல்லை. வெளிக்காற்றில் பொறி தாவுவது சுலபம். சிலிண்டருக்குள் அழுத்தத்தில், ஈரமான பிளக்கில் தாவுவது கஷ்டம். ஆகவே வெளியே மெலிந்த மஞ்சள் பொறி தெரிந்தால் அதை நெருப்பு என்று கணக்கில் சேர்க்கக் கூடாது. நீல நிறமாக, சட்டென்று சத்தத்துடன், ஐந்தாறு மில்லிமீட்டர் இடைவெளியைத் தாவ வேண்டும். இப்படிச் சோதிக்கும்போது பிளக்கைத் துளைக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். ஒவ்வொரு உதைக்கும் அந்தத் துளை பெட்ரோல் ஆவியைத் துப்பும்.

பேட்டரி நன்றாக இருந்தது. சில மணி நேரம் ஓய்வில் விட்டு அளந்தால் 6.3 வோல்ட். காயிலும் சரி, கண்டன்சரும் சரி. மெக்கானிக் காயிலை மாற்றிவிடலாம் என்றார். அதற்கு முன்னால் மல்டிமீட்டரை எடுத்தேன். செய்யும் முறை இதுதான்: பாயின்ட் மூடியிருக்கும் நிலைக்கு எஞ்சினைத் திருப்பி, சாவியை ஆன் செய்ய வேண்டும். ஆம்மீட்டர் முள் டிஸ்சார்ஜ் பக்கம் சாயும், அதாவது காயிலில் கரன்ட் ஓடுகிறது. இப்போது மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் சப்ளை முனையிலும், மறு முனையை காயிலுக்குள் கரன்ட் நுழையும் இடத்திலும் வைக்க வேண்டும். நடுவில் இருப்பது ஒயரும் சாவியும்தான், எனவே மீட்டர் கிட்டத்தட்ட பூஜ்யம் காட்ட வேண்டும். காட்டியது 0.6 வோல்ட். அடுத்து எஞ்சின் கேஸிலிருந்து பேட்டரியின் எர்த் முனைக்கு: 0.3 வோல்ட். (சாவியை நெடுநேரம் இப்படி விடாதீர்கள், காயில் சூடாகும்.)

மொத்தம் 0.9 வோல்ட் என்றால் சின்ன விஷயமாகத் தோன்றலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். காயிலின் முதல் சுருளுக்கு 1.7 ஓம் தடை. 6 வோல்ட்டுக்கு சுமார் 3.5 ஆம்பியர் ஓட வேண்டும். துருப்பிடித்த இணைப்புகள் சேர்ந்து 0.3 ஓம் கூட்டிவிட்டால் 3 ஆம்பியர்தான் ஓடும். கரன்ட் 15 சதவீதம்தான் குறைகிறது. ஆனால் காயிலில் சேரும் ஆற்றல் கரன்ட்டின் வர்க்கத்தைப் பொறுத்தது. எனவே நெருப்பின் பலம் ஏறத்தாழ 28 சதவீதம் போய்விடும். இரட்டிப்புத் தடையுள்ள காயில் வைத்த 12 வோல்ட் வண்டியில் இதே 0.3 ஓம் கரன்ட்டில் 8 சதவீதம்தான் குறைக்கும். 6 வோல்ட் வண்டிகளுக்கு இருக்கும் கெட்ட பெயரில் பாதி இந்த இணைப்புகளால் வந்தது என்பது என் எண்ணம்.

சாவியைப் பிரித்தேன். உள்ளே பித்தளைத் தகடுகள் கறுத்து, தொடும் இடத்தில் மட்டும் மெல்லிய பளபளப்புக் கோடு. தேய்த்துச் சுத்தம் செய்தேன். எர்த்துக்கு, எஞ்சின் கேஸிலிருந்து பேட்டரிக்கு நேராகத் தடித்த ஒயர் ஒன்று தனியாக இழுத்தேன். அதுவரை பெயின்ட் பூசிய ஃப்ரேமை நம்பியே எர்த் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டும் சேர்ந்து இப்போது 0.2 வோல்ட்டுக்குக் கீழே. ஒரு பார்ட்டும் மாற்றாமல் நெருப்பு நீலமானது. குளிர்காலம் தொடங்கும் முன் இந்த இரண்டு அளவையும் எடுப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். ஏறியிருந்தால் எங்கே என்று தேடுவேன்.

பாயின்ட்டையும் விட முடியாது. நின்ற வண்டியில் அதன் முகத்தில் கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடு படலம் ஏறும். குளிர்ந்து கிடக்கும் இரும்பின் மேல் ஈரக்காற்று பட்டால் வியர்க்கும், அந்த ஈரம் பாயின்ட் மூடிக்குள்ளும் போகும். உப்புத்தாள் போட்டால் துகள்கள் அதிலேயே பதிந்துகொள்ளும். நான் காண்டாக்ட் கிளீனரில் நனைத்த கெட்டிக் காகிதத்தை நடுவில் வைத்து இழுக்கிறேன். இடைவெளி என் வண்டிக்கு 0.38 மி.மீ. பெரும்பாலான பழைய வண்டிகளுக்கு 0.35-லிருந்து 0.40-க்குள் இருக்கும். பாயின்ட்டில் பளிச்சென்று மஞ்சள் பொறி பறந்தால் கண்டன்சரைச் சந்தேகிக்கலாம். பிளக் கேப்பை மறந்துவிடுவார்கள். உள்ளே தடை வைத்த கேப் பெரும்பாலும் 5 கிலோ ஓம் காட்டும், சில கேப்கள் பழசானால் எக்கச்சக்கமாக ஏறிவிடும்.

கிக்கர் திருப்பி அடித்தால் அது வேறு கதை. பாயின்ட்டுக்குப் பின்னால் இருக்கும் ஆட்டோ அட்வான்ஸ் எடைகள் (வேகம் ஏற ஏறப் பொறியின் நேரத்தை முன்னால் தள்ளுபவை) பழைய கிரீஸ் கெட்டிப்பட்டு விரிந்த நிலையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். எஞ்சின் ஓடாதபோதே டைமிங் முன்னால் போய் நிற்கும். கையால் விரித்துவிட்டால் ஸ்பிரிங் இழுத்துக்கொண்டு திரும்ப வேண்டும், சோம்பினால் கழுவி ஒரு சொட்டு லேசான ஆயில். கணுக்கால் மேல் அக்கறை இருப்பவர்கள் இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

இனி, காசு கொடுத்து வாங்கியவை. ஃப்ளோட் சார்ஜர் (பேட்டரியில் மாட்டியே வைக்கும் சார்ஜர்): வாங்கலாம். 6 வோல்ட்டுக்கு 6.8 வோல்ட் அளவில் நிற்பதாக இருக்க வேண்டும். 12 வோல்ட்டுக்கு மட்டும் ஆனதை மாட்டிவிடாதீர்கள். பெட்ரோல் ஸ்டெபிலைசர்: குளிர்காலம் முழுக்க நிறுத்துபவர்களுக்குப் பயன்படும், சில வாரத்துக்கு ஒரு முறை ஓட்டுபவருக்கு பவுலை வடிப்பதே போதும். இரிடியம் பிளக்: பளிச்சென்ற வித்தியாசம் எதுவும் தெரியவில்லை, சாதாரண பிளக்குக்கே திரும்பிவிட்டேன். எலக்ட்ரானிக் இக்னிஷன்: ஓடும்போது அருமைதான், மறுக்கவில்லை. ஆனால் பல யூனிட்கள் வோல்டேஜ் ஒரு அளவுக்குக் கீழே போனால் தாறுமாறாகிவிடும். பாயின்ட் அப்படி இல்லை, சோர்ந்த பேட்டரியிலும் ஏதோ ஒரு பொறியைத் தரும். 6 வோல்ட்டில் இருக்கும்வரை நான் மாற்றப்போவதில்லை.

வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் நின்ற இடத்திலேயே ஓடவிடுவதை நிறுத்திவிட்டேன். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உண்டாகும். எஞ்சின் முழுக்கச் சூடாகாவிட்டால் அதில் கொஞ்சம் ஆயிலிலும் சைலன்சரிலும் தங்கிவிடும். ஐடிலிங்கில் டைனமோ பேட்டரிக்கு ஒன்றும் பெரிதாகக் கொடுப்பதும் இல்லை. ஓட்டினால் அரைமணி நேரமாவது ஓட்டுங்கள், இல்லாவிட்டால் தொடாதீர்கள். நிறுத்தும்போது பிஸ்டன் கம்ப்ரஷன் உச்சத்தில் இருந்தால் இரண்டு வால்வும் மூடியிருக்கும், ஈரம் உள்ளே போகாது.

இப்போது குளிரில் நான் செய்வது: டேப்பைத் திறந்து பவுல் நிரம்ப விடுவது. கிளட்சைப் பிடித்துக்கொண்டு கிக்கரை ஒரு முறை மிதித்து ஒட்டிய பிளேட்டுகளைப் பிரிப்பது. டிக்லரை பெட்ரோல் கசியும்வரை மட்டும். சாவி ஆஃபில் இரண்டு மெதுவான உதை. பிறகு சாவி ஆன், கிக்கர் கெட்டியாகும் இடத்தைக் கண்டுபிடித்து, டீகம்ப்ரஸரைப் (சிலிண்டரின் அழுத்தத்தை விடுவிக்கும் லீவர்) பிடித்து உச்சத்தைக் கொஞ்சம் தாண்டவைத்து, மேலிருந்து முழு உதை. ஆக்சிலேட்டர் மூடியே இருக்கும், ஒரு நூல் அளவு திறந்தால் அதிகம். திருகினால் ஸ்லைடு ஏறி பைலட் துளையில் உறிஞ்சும் வேகம் போய்விடும். பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று உதைக்குள் பிடிக்கிறது.

தீராமல் இருப்பது ஒன்றுதான். ஆயில் தனி டாங்கில் இருக்கும் எஞ்சின் இது. நிற்கும் வாரங்களில் ஆயில் பம்பைத் தாண்டி மெல்ல கிராங்க் கேஸுக்குள் இறங்குகிறது. கிக்கர் சேற்றில் மிதிப்பது போல இருந்தால் அதுதான். அன்றைக்கு உதைக்காமல் கீழ்ப் பிளக்கைக் கழற்றி, ஒரு தட்டில் வடித்து, டாங்கில் திரும்ப ஊற்றுகிறேன். குழாயில் டேப் வைத்து மூடிவிடலாம் என்று சிலர் சொல்கிறார்கள். திறக்க மறந்தால் எஞ்சின் ஜாம் ஆகிவிடும் என்பதால் எனக்கு அதில் துணிச்சல் வரவில்லை. பம்பின் பந்தையும் அது உட்காரும் இடத்தையும் இந்த வெயில் காலத்தில் பிரித்துப் பார்க்க வேண்டும்.