ஈடி பிளாஸ்மாவா, எச்டி ரீவியா: வன்னி வீட்டுக்கு எது சரி?

வெளிநாட்டிலிருந்து உறவுகள் அனுப்பிவிட்ட பழைய 42 அங்குலப் பிளாஸ்மாவையே வைத்திருப்பதா, கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ புது 32 அங்குல எச்டி எடுப்பதா? திரையின் பருமனைப் பார்க்க முதல் ரீவியின் பின்பக்க லேபலைப் பாருங்கள்.

அந்தக்காலப் பிளாஸ்மாக்களில் பல ஈடி வகை, அதாவது எச்டிக்கு ஒரு படி கீழான தெளிவு, 852×480 புள்ளிகள்தான். 480 என்பது அமெரிக்கா, கனடா முறைக்குப் பொருந்தும் கணக்கு. இலங்கையில் பிஏஎல் என்ற ஒளிபரப்பு முறை, படத்துக்கு 576 வரி. ஆகவே சாதாரண டிவிடி போட்டாலே 96 வரிகள் சுருங்கிப்போகும். எச்டி வரை போகத் தேவையில்லை, கையிலிருக்கும் படத்தையே அது முழுதாகக் காட்டாது.

கனடாவிலிருந்து வந்ததென்றால் சிக்கல் கூடும். உள்ளே இருக்கும் ரியூனர் நம்மூர் அலைவரிசையைப் பிடிக்காது. லேபலில் 120 வோல்ட் மட்டும் இருந்து, நேரே 230இல் குத்தினால் பவர் போர்ட் எரியும். எச்டிஎம்ஐ இருந்தாலும் பல வட அமெரிக்க ரீவிகள் நம்மூர்ப் பெட்டிகள் தரும் 50 ஹேர்ட்ஸ் (செக்கனுக்கு 50 தடவை புதுப்பிக்கும்) படத்தை ஏற்பதில்லை. டிஷ் பெட்டியைக் கொடுத்தால் திரை கறுப்பாகவே நிற்கும். கரண்டும் 250 வொட் அளவில் இழுக்கும். 32 அங்குல எல்ஈடிக்கு 50 வொட் போதும். நாளுக்கு ஐந்து மணித்தியாலம் பார்த்தால் மாதத்துக்கு 30 யூனிற் வித்தியாசம்.

ஐரோப்பாவிலிருந்து வந்த ஈடிக்கு ஒரு நல்ல குணம் உண்டு. கொக்காவில் ஒளிபரப்புக் கோபுரத்திலிருந்து அன்ரெனாவுக்கு வரும் அனலொக் படம் அதில் இதமாக இருக்கும். எச்டி திரை அதே படத்தைப் பெருப்பிக்கும்போது இரைச்சலும் சேர்ந்து பெருக்கும். புது ரீவி வாங்கிய கையோடு “பழசே திறம்” என்று சனம் சொல்வது இதனால்தான். ஷார்ப்னஸை நன்றாகக் குறையுங்கள், படத்தை அகலமாக இழுக்காமல் 4:3இல் விடுங்கள். பாதிக் குறை போய்விடும்.

எச்டியிலும் இரண்டு வகை: 1366×768, 1920×1080. 32 அங்குலத்தில் ஆறு அடிக்கு அப்பால் இருந்தால் இரண்டையும் கண் பிரித்தறியாது, 768 போதும். 43 அங்குலம் என்றால் 768 திரைக்கு எட்டு அடி தள்ளியிருக்க வேண்டும். சின்ன விறாந்தைக்கு அது சரிவராது, 1080 எடுங்கள். பெட்டியில் “1080 சப்போர்ட்” என்றிருந்தால் ஏமாறாதீர்கள். அந்த அளவுப் படத்தை உள்ளே எடுக்கும் என்பதுதான் அதன் பொருள், திரை 768 ஆகவே இருக்கலாம். கடையிலேயே லப்டொப்பை எச்டிஎம்ஐயில் மாட்டி 1920×1080 வைத்துச் சின்ன எழுத்தைப் பாருங்கள். ஓரம் மங்கினால் 768தான். (முதலில் மெனுவில் ஓவர்ஸ்கானை, அதாவது ஓரங்களை வெட்டிப் படத்தைப் பெருப்பிப்பதை, நிறுத்துங்கள், இல்லாவிட்டால் 1080 திரையும் மங்கலாகத் தெரியும்.)

வீடுகளில் அதிகம் காணும் பிழை வயரில். எச்டி ரீவி, எச்டி டிஷ் பெட்டி இரண்டும் இருக்க, நடுவே மஞ்சள், சிவப்பு, வெள்ளை வயர்! அந்த மஞ்சள் வயரில் 576 வரிக்கு மேல் வராது. எச்டிஎம்ஐக்கு மாற்றி, பெட்டியின் மெனுவில் 1080ஐ தெரிவு செய்யுங்கள்.

சித்திரையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் இடி முழங்கினால் பிளக்கோடு டிஷ் கேபிளையும் கழற்றுங்கள். பிளக்கை மட்டும் இழுத்துவிட்டு இருந்தால், கேபிள் வழியாக வரும் மின்னல் பெட்டியைத் தாண்டி எச்டிஎம்ஐயால் ரீவியின் மெயின் போர்ட்டுக்கே போய்விடும்.