குவேக்கர் ஆவணங்களைத் தேடிப் போகிறவருக்கு எந்த நிதி பொருந்தும்?

‘நண்பர்கள்’ என்றும் அழைக்கப்படும் குவேக்கர் எனும் கிறித்தவப் பிரிவின் வரலாற்றில் முனைவர் பட்ட ஆய்வுக்குத் தயாராகும் மாணவர்கள், எந்த உதவித்தொகை பெரியது என்றுதான் முதலில் விசாரிக்கிறார்கள். உங்களுக்கு வேண்டிய தாள்கள் எந்த ஊரில், எந்தக் கட்டடத்தில் இருக்கின்றன என்று தெரியாமல் அந்தக் கேள்விக்கு விடை சொல்லவே முடியாது. தொகையை அதற்குப் பிறகு பார்க்கலாம்.

அமெரிக்காவில் இருந்து தொடங்குகிறேன். பென்சில்வேனியாவின் ஹேவர்ஃபோர்டு கல்லூரி தரும் கெஸ்ட் ஆய்வு நல்கை ஒரு மாதத்துக்கானது. அதை வைத்து அங்குள்ள குவேக்கர் சேகரிப்பில் உட்கார்ந்து படிக்கலாம். ஸ்வார்த்மோர் கல்லூரியின் மூர் நல்கை, அங்குள்ள நண்பர்கள் வரலாற்று நூலகத்தையும் அமைதிச் சேகரிப்பையும் பயன்படுத்துவோருக்கானது. இரண்டும் பிலடெல்பியா நகரத்தை ஒட்டியவை, நோக்கமும் கிட்டத்தட்ட ஒன்றே. ஆனால் 1827இல், அந்தப் பகுதிக் குவேக்கர்களின் அமைப்பான பிலடெல்பியா ஆண்டுக் கூட்டம் ஹிக்சைட், ஆர்த்தடாக்ஸ் என இரு தரப்பாகப் பிளந்தது. ஹேவர்ஃபோர்டு ஆர்த்தடாக்ஸ் தரப்பு தொடங்கிய கல்லூரி, ஸ்வார்த்மோர் ஹிக்சைட் தரப்பு தொடங்கியது. 1955இல் அந்தக் கூட்டங்கள் மீண்டும் இணைந்துவிட்டன. ஆனால் கூட்டங்களின் குறிப்பேடுகள் இன்றும் இரு கல்லூரிகளிலுமாகப் பிரிந்தே கிடக்கின்றன.

எனவே அடிமைமுறை எதிர்ப்பின் தொடக்கத்தை ஆராய்கிறவருக்கு ஹேவர்ஃபோர்டையே சொல்வேன். அடிமைமுறையைக் கண்டித்து எழுதப்பட்ட 1688ஆம் ஆண்டு ஜெர்மன்டவுன் எதிர்ப்பு மனு அங்கேதான் இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் போர் எதிர்ப்பு உங்கள் பொருள் என்றால் ஸ்வார்த்மோர் போங்கள். அமெரிக்க அமைதி இயக்கத் தலைவர் ஜேன் ஆடம்ஸ் தம் தாள்களை அளித்ததில் இருந்து வளர்ந்தது அங்குள்ள அமைதிச் சேகரிப்பு. ஒன்றில் நல்கை கிடைத்தால் மற்றதையும் எட்டிப் பார்க்கலாம், இரு கல்லூரிகளுக்கும் இடையே வேன் ஓடுகிறது.

இந்த நல்கைகளின் பெரிய நன்மை நூலகர்கள். வருகிறவர் என்ன தேடுகிறார் என்று தெரிந்து, பட்டியலில் கண்ணில் படாத பெட்டியையும் அவர்களால் சுட்டிக்காட்ட முடியும். குறை, காலம். பதினேழாம் நூற்றாண்டுக் கையெழுத்து பழகவே முதல் வாரம் போய்விடும். நாள் குறிக்கும் முறை வேறு. குவேக்கர்கள் மாதங்களுக்குப் பெயர் எழுதாமல் எண்தான் எழுதினார்கள். 1752க்கு முன் முதல் மாதம் என்றால் மார்ச். இதை அறியாமல் ஐந்தாம் மாதத்தை மே என்று குறித்துக்கொண்டவரின் காலவரிசை முழுவதும் இரண்டு மாதம் பிசகிவிடும். இந்தப் பயிற்சியை ஊரிலேயே, இணையத்தில் கிடைக்கும் பிரதிகளை வைத்து முடித்துக்கொண்டு போகிறவருக்குத்தான் ஒரு மாதம் போதும். வரியையும் கவனியுங்கள். வெளிநாட்டவர் பெறும் நல்கையில், ஜே வகை (பரிமாற்ற வருகையாளர்) விசா இருந்தால் பொதுவாக 14 விழுக்காடும், இல்லையென்றால் 30 விழுக்காடும் பிடித்துக்கொள்வார்கள்.

பிரிட்டனில் கணக்கே வேறு. அரசு நிதியில் இயங்கும் ஆய்வுக் குழுக்களின் முனைவர் பட்ட உதவித்தொகை பல ஆண்டுகளுக்கு வரும். 2025-26க்கான குறைந்தபட்சம் ஆண்டுக்கு 20,780 பவுண்டு, அதற்கு வரி இல்லை. 2021 முதல் வெளிநாட்டு மாணவர்களும் விண்ணப்பிக்கலாம், ஆனால் மொத்த இடங்களில் அவர்களுக்கு 30 விழுக்காடுதான் உச்சவரம்பு. போட்டி கடுமை, விண்ணப்பம் நீளம், குவேக்கர் ஆய்வை அறிந்த வழிகாட்டியும் கிடைக்க வேண்டும். விசா கட்டணத்தையும் ஆண்டுக்கு 776 பவுண்டு மருத்துவக் கட்டணத்தையும் யார் கட்டுவார் என்று சேருமுன் எழுத்தில் கேட்டுவிடுங்கள். இவ்வளவு சிரமத்துக்கும் கிடைக்கும் பலன் பெரியது. ஒரு குறிப்பேட்டைப் படித்து, ஐயம் வந்து, ஆறு மாதம் கழித்து மறுபடி போய்ப் பார்க்கலாம். ஆவண ஆய்வில் நல்ல கேள்விகள் பெரும்பாலும் அந்த இரண்டாம் வாசிப்பில்தான் பிறக்கின்றன.

காமன்வெல்த் உதவித்தொகை இந்திய மாணவர்களுக்குத் தெரிந்த வழி. கட்டணம், விமானச் செலவு, மாதத் தொகை எல்லாம் அதில் அடங்கும். ஆனால் அது வளர்ச்சி சார்ந்த கருப்பொருள்களைக் கேட்கிறது. தூய சமய வரலாற்றை அதில் திணிக்க முயலாதீர்கள். சமரச முயற்சி, போர் நிவாரணம் என்றால் உலக அமைதி பற்றிய கருப்பொருளில் இயல்பாகப் பொருந்தும். பர்மிங்ஹாமின் குவேக்கர் கல்வி மையமான உட்புரூக்கும் ஆய்வாளருக்குச் சிறு உதவிகள் தந்துவந்திருக்கிறது. 2023இல் அது தன் பழைய கட்டடத்தை விட்டு வெளியேறியது. எனவே அங்கே தங்கிப் படிக்கலாம் என்று சொல்லும் பழைய குறிப்புகளை நம்பித் திட்டமிட வேண்டாம்.

நம் பக்கத்து மாணவர்களுக்கு நான் பரிந்துரைக்கும் பொருள் இந்திய சமரசக் குழு. அகதா ஹாரிசன், ஹொரேஸ் அலெக்சாண்டர் ஆகியோர் காந்திக்கும் பிரிட்டிஷ் அரசுக்கும் இடையே பேசியது அந்தக் குழு வழியாகத்தான். சென்னையில் கற்பித்து, பின்னர் கோத்தகிரியில் வாழ்ந்த குவேக்கர் மார்ஜரி சைக்ஸையும் இதனுடன் சேர்த்துப் படிக்கலாம். இதற்கு லண்டனே முதல் இடம். யூஸ்டன் ரயில் நிலையத்துக்கு எதிரே குவேக்கர்களின் நண்பர்கள் இல்ல நூலகம். அங்கிருந்து நடந்துபோகும் தூரத்தில் பிரிட்டிஷ் நூலகம், அதில் இந்தியா அலுவலக ஆவணங்கள். குவேக்கர்கள் எழுதிய கடிதத்தைக் காலையிலும், அதைப் பற்றி அரசு எழுதிவைத்த குறிப்பை மாலையிலும் படிக்கலாம். இதற்குப் பிரிட்டனின் நீண்டகால நிதியே பொருந்தும். ஒரு மாத நல்கையை இங்கே முதல் படியாக வைத்தால் பாதிக் கதைதான் கையில் வரும். அலெக்சாண்டரின் தாள்களில் ஒரு பகுதி ஸ்வார்த்மோரில் இருக்கிறது. இரண்டாம் ஆண்டில், லண்டனில் கிடைக்காத கடிதங்களின் பட்டியல் கைக்கு வந்த பிறகு, மூர் நல்கைக்கு விண்ணப்பியுங்கள். எந்தச் சேகரிப்பு, எந்தப் பெட்டி, அதில் எந்த ஆண்டு என்று அந்த விண்ணப்பத்தில் எண்ணோடு எழுதுங்கள்.