அட்டென்யுவேட்டர் வாங்கும் முன் ஓமைப் பாருங்கள்: நான்கு வகைப் பெட்டிகள், ஒரு மதிப்பீடு

மாஸ்டர் வால்யூம் (கரகரப்பை விட்டுவிட்டுச் சத்தத்தை மட்டும் குறைக்கும் குமிழ்) இல்லாத 50 வாட் ட்யூப் கிட்டார் ஆம்ப், வால்யூம் குமிழ் 6, 7-ஐத் தொட்ட பிறகுதான் கரகரத்து வாயைத் திறக்கும். அதற்குள் பக்கத்து வீட்டுக்காரரும் வாயைத் திறந்துவிடுவார். இந்தத் தகராறுக்காக வந்ததுதான் பவர் அட்டென்யுவேட்டர். ஆம்புக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே உட்கார்ந்துகொண்டு, வரும் சக்தியில் பெரும்பகுதியை வெப்பமாக எரித்துவிட்டு மிச்சத்தை மட்டும் ஸ்பீக்கருக்கு விடும் பெட்டி. பாஸ்டன் என்ற ராக் இசைக்குழுவின் டாம் ஷோல்ஸ் 1980 வாக்கில் கொண்டுவந்த பவர் சோக் இந்த வரிசையின் மூத்த பிள்ளை. இன்று கிடைப்பவற்றை எல்-பேட், படிப்படியாகக் குறைக்கும் பெட்டி, ரியாக்டிவ் லோட், ரீ-ஆம்ப் என்று நான்காகப் பிரித்துப் பார்க்கலாம். நான்கில் எதை வாங்கினாலும், டப்பாவில் பெரிதாக அச்சிட்டிருக்கும் டெசிபலுக்கு முன்னால் பார்க்க வேண்டியது அதன் ஓம், அதாவது ஆம்புக்கு அது காட்டும் மின்தடை (இம்பீடன்ஸ்).

ட்யூபுக்கு ஸ்பீக்கர் நேராகத் தெரியாது. அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மர் வழியாகத்தான் தெரியும். இரண்டு ஈஎல்34 பவர் ட்யூப் போட்ட 50 வாட் மார்ஷல் வகை ஆம்பில் 8 ஓம் ஸ்பீக்கர், ட்யூபின் பக்கம் சுமார் 3,400 ஓமாகத் தோன்றும். அதே 8 ஓம் துளையில் 16 ஓம் கேபினெட்டை (ஸ்பீக்கர் பொருத்திய பெட்டியை) செருகினால் அது 6,800 ஆகிவிடும். மின்னழுத்தம் எகிறும், ட்யூபுக்குள் இருக்கும் ஸ்க்ரீன் க்ரிட் என்ற கம்பிவலை சூடேறும், முற்றினால் ட்யூப் சாக்கெட்டிலேயே தீப்பொறி தாவும். 4 ஓமைச் செருகினால் 1,700 ஆகும். அப்போது மின்னோட்டம் கூடும், சக்தி குறையும், ட்யூப் சீக்கிரம் தேயும். ஸ்பீக்கரே இல்லாமல் இயக்குவதுதான் எல்லாவற்றிலும் மோசம். ட்ரான்ஸ்ஃபார்மரின் காப்பு உடைந்துபோகும். ட்ரான்சிஸ்டர் ஆம்புக்கு இந்தக் கதை தலைகீழ். அதற்கு ஓம் குறைவதுதான் ஆபத்து, ஸ்பீக்கர் இல்லாவிட்டால் ஒன்றும் ஆகாது. பழக்கம் மாறி வந்தவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள்.

இரண்டு மடங்கு வித்தியாசத்தை நல்ல ட்ரான்ஸ்ஃபார்மர் தாங்கும் என்று சொல்வதுண்டு. குமிழ் 3-இல் வைத்து வாசிப்பவருக்கு அது சரி. அட்டென்யுவேட்டர் வாங்குபவரோ ஆம்பை மணிக்கணக்கில் முழுதாகத் திறந்து வைக்கப் போகிறார். அந்தச் சலுகையை இவர் நம்பக் கூடாது.

கேபினெட்டின் பின்னால் எழுதியிருப்பதையும் அப்படியே நம்ப வேண்டாம், ஸ்பீக்கரை யாராவது மாற்றியிருக்கலாம். கேபினெட்டில் கேபிளைச் செருகி, மறுமுனையில் மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். 8 ஓம் என்றால் 6 முதல் 7 வரை காட்டும், 16 என்றால் 12 அல்லது 13, 4 என்றால் 3-க்குச் சற்று மேல். ஆம்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில் வரும் காம்போ ஆம்புகளில் ஃபெண்டர் டீலக்ஸ் ரிவெர்ப் 8 ஓம், ட்வின் ரிவெர்ப் 4 ஓம். நான்கு ஸ்பீக்கர் கொண்ட சூப்பர் ரிவெர்ப் 2 ஓம். வாக்ஸ் ஏசி30 பொதுவாக 16. சூப்பர் ரிவெர்ப் வைத்திருப்பவர் 4, 8, 16 மட்டும் உள்ள பெட்டியை வாங்கிவிட்டு விழிப்பது அடிக்கடி நடக்கிறது.

அடுத்தது டெசிபல். இங்கே எதிர்பார்ப்புதான் முதல் எதிரி. 10 டெசிபல் குறைத்தால் 50 வாட் 5 வாட்டாகும், ஆனால் காதுக்குச் சத்தம் ஏறத்தாழ பாதியாகத்தான் தெரியும். செலஸ்டியன் விண்டேஜ் 30 ஸ்பீக்கர் 1 வாட்டில், 1 மீட்டர் தூரத்தில் 100 டெசிபல் தரும். அதில் 50 வாட் விட்டால் 117. இருபது குறைத்த பிறகும் 97, அதாவது கத்திப் பேச வேண்டிய சத்தம். முப்பது குறைத்தால் 87. சாதாரணப் பேச்சு 60 அளவில்தான் இருக்கும். ஆக, இருபது டெசிபல் பெட்டியை வாங்கிவிட்டு நள்ளிரவில் படுக்கையறையில் வாசிக்கலாம் என்று கனவு காண வேண்டாம். 100 வாட்டுக்குப் பதில் 50 வாட் ஆம்ப் வாங்கினால் கிடைப்பது வெறும் 3 டெசிபல் என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம்.

முதல் வகை எல்-பேட். ஒரு ரெசிஸ்டர் தொடராக, ஒன்று ஸ்பீக்கருக்கு இணையாக, அவ்வளவுதான். சாலிடரிங் தெரிந்தவர் தானே செய்துகொள்ளலாம். 8 ஓமில் 10 டெசிபல் குறைக்கத் தொடர் ரெசிஸ்டர் 5.5 ஓம், இணை ரெசிஸ்டர் 3.7 ஓம். 50 வாட் வந்தால் முதலாவது 34 வாட்டையும் இரண்டாவது கிட்டத்தட்ட 11 வாட்டையும் விழுங்கும், ஸ்பீக்கருக்கு 5 வாட் போகும். ஆனால் முழுதாகத் திறந்த ஆம்ப், அட்டையில் எழுதியதைவிட நிறையவே வெளியே தள்ளும். அதனால் முதலாவதற்கு 100 வாட், இரண்டாவதற்கு 50 வாட் ரெசிஸ்டர் போடுங்கள். அலுமினிய உறை போட்டவை வேண்டும், அவற்றைக் கனமான ஹீட்சிங்கில் (வெப்பத்தை வெளியேற்றும் உலோகப் பாளத்தில்) இறுக்க வேண்டும். ஹீட்சிங்க் இல்லாவிட்டால் உறையில் எழுதிய வாட்டுக்கு மதிப்பில்லை.

எல்-பேடின் குறை ஒலியில் தெரியும். கேபினெட்டில் உள்ள ஸ்பீக்கர் எல்லா அலைவரிசையிலும் 8 ஓமாக இருப்பதில்லை. அடிக்குரலில் 100 ஹெர்ட்ஸ் பக்கம் அதன் இம்பீடன்ஸ் பல மடங்கு எழும்பும், உச்சத்திலும் ஏறும். ட்யூப் ஆம்ப் அந்த ஏற்றத்தோடு சேர்ந்துதான் உதைக்கிறது. எல்-பேடிலோ ஆம்பின் கண்ணுக்கு எல்லாம் தட்டையாகத் தெரிகிறது. போதாக்குறைக்கு 3.7 ஓம் ஸ்பீக்கரின் குறுக்கே உட்கார்ந்து அதன் கூம்பைப் பிடித்து அடக்குகிறது. 4, 5 டெசிபலுக்கு இது தெரியாது. பத்தைத் தாண்டினால் போர்வை போர்த்திய மாதிரி இருக்கும்.

படிப்படியாகக் குறைக்கும் பெட்டிகளில் பலருக்கும் தெரிந்த பெயர் டிஎச்டி ஹாட் ப்ளேட். 4 டெசிபல் படிகளாக 16 வரை குறைக்கும். இழந்த அடிக்குரலையும் உச்சத்தையும் கொஞ்சம் மீட்க டீப், ப்ரைட் என இரண்டு சுவிட்ச் உண்டு. ஒவ்வொரு இம்பீடன்ஸுக்கும் தனி மாடல்: 2, 2.7, 4, 8, 16. அந்த 2.7 எதற்கு என்று கேட்பவர்களுக்கு: 8 ஓம் ஸ்பீக்கர் மூன்றை இணையாகப் போட்டால் வருவது அதுதான். ஒரே ஆம்ப் வைத்திருப்பவருக்கு இது நேர்த்தியான ஏற்பாடு. ஆம்பை மாற்றிக்கொண்டே இருப்பவருக்கு 4, 8, 16 மூன்றையும் ஏற்கும் பியூஜெரா பிஎஸ்1 போன்ற பெட்டி வசதி.

ரியாக்டிவ் லோட் என்பது ரெசிஸ்டரோடு காயிலும் கெப்பாசிட்டரும் சேர்த்து ஸ்பீக்கரின் மேடுபள்ளத்தை ஆம்புக்குக் காட்டுவது. வெபரின் மாஸ் பெட்டிகள் இன்னும் நேரடி வழியில் போகின்றன: உள்ளே கூம்பில்லாத ஸ்பீக்கர் மோட்டாரே இருக்கிறது. விரலுக்குக் கிடைக்கும் பதில் எல்-பேடைவிடத் தெளிவாக நன்றாக இருக்கும். டூ நோட்ஸ் கேப்டர் 8 இந்த வகையில் பரவலாகப் புழங்குவது. ஆனால் அதன் ஸ்பீக்கர் துளை நிலையாக 20 டெசிபல் குறைத்தே தரும், நடுவே படிகள் கிடையாது. ஒத்திகையில் ட்ரம்ஸோடு வாசிக்க 8 டெசிபல் மட்டும் குறைக்க நினைப்பவருக்கு அது உதவாது. ஸ்பீக்கரே இல்லாமல் ரெக்கார்டிங் செய்பவருக்கு அது சரியான பெட்டி.

நான்காவது வகையான ரீ-ஆம்ப், ஆம்பின் முழுச் சக்தியையும் லோடில் எரித்துவிட்டு, சிக்னலை மட்டும் எடுத்து உள்ளேயே இருக்கும் இன்னொரு பவர் ஆம்பால் ஸ்பீக்கரை ஓட்டுகிறது. ஃப்ரையெட் பவர் ஸ்டேஷனும் பாஸ் வாசா ட்யூப் ஆம்ப் எக்ஸ்பாண்டரும் இப்படித்தான். 15 டெசிபலுக்கு மேல் குறைக்க வேண்டுமென்றால் இதுவே சரி. பேச்சுச் சத்தத்திலும் ஒலி உருக்குலையாது. டிலேயையும் ரிவெர்பையும் ஆம்பின் கரகரப்புக்குப் பிறகு சேர்க்கலாம் என்பது கூடுதல் லாபம். கனம், விலை, இன்னொரு பவர் கார்டு ஆகியவை தொல்லை. வாசாவின் லோட் 150 வாட் வரை தாங்கும். ரெசனன்ஸ், ப்ரெசன்ஸ் சுவிட்சுகளால் லோடின் வளைவை ஆம்புக்கேற்ப மாற்றலாம்.

எதை வாங்கினாலும் இணைப்பு முறை ஒன்றே. ஆம்பை அணையுங்கள். கேபினெட்டிலிருந்து பெட்டியின் ஸ்பீக்கர் துளைக்கு ஒரு கேபிள், பெட்டியின் உள்துளையிலிருந்து ஆம்பின் ஸ்பீக்கர் துளைக்கு இன்னொன்று. இரண்டுமே குறைந்தது 1.5 சதுர மில்லிமீட்டர் ஸ்பீக்கர் கேபிளாக இருக்கட்டும். கிட்டார் கேபிளின் மெல்லிய கம்பி சூட்டில் அறுந்தால் ஆம்ப் ஸ்பீக்கர் இல்லாமல் அந்தரத்தில் நிற்கும். ஆம்பின் ஓம் செலக்டரைப் பெட்டியின் ஓமுக்கு வையுங்கள், கேபினெட்டின் ஓமுக்கு அல்ல. குறைப்பை உச்சத்தில் வைத்துத் தொடங்கி மெல்லத் தளர்த்துங்கள். படி மாற்றும்போது ஆம்பை ஸ்டாண்ட்பையில் போடுங்கள், சில சுழல் சுவிட்சுகள் இரண்டு படிகளுக்கு நடுவே ஒரு கணம் தொடர்பை அறுத்துவிடும்.

கேபினெட்டின் ஓம் பெட்டியோடு ஒத்துப்போகாவிட்டால்? 8 ஓம் எல்-பேடில் 10 டெசிபல் குறைப்பில் 16 ஓம் கேபினெட்டைச் செருகினாலும் ஆம்புக்குத் தெரிவது சுமார் 8.5 ஓம்தான், கவலையில்லை. 3 டெசிபல் குறைப்பில் அது 11 ஆகிவிடும். பைபாஸில் போட்டால் முழு 16-உம் நேராக ஆம்பின் தலையில். இந்தப் பைபாஸ்தான் பொறி: குறைப்பு வேண்டாம் என்று சுவிட்சைத் தள்ளும் அந்த நொடியில் ஆம்பின் செலக்டரை யாரும் நினைப்பதில்லை.

ஆம்ப் முழுதாகத் திறந்திருக்கும்போது ட்யூப் முழு வேகத்தில்தான் தேய்கிறது, பெட்டி அதைக் காப்பாற்றாது. முதல் பத்து நிமிடம் பின்னாலிருந்து பவர் ட்யூபைப் பாருங்கள். உள்தகடு செந்நிறமாகச் சிவந்தால் உடனே அணைத்துவிட்டு, பயாஸையும் (ட்யூபின் அடிப்படை மின்னோட்ட அமைப்பு) ஓமையும் சரிபார்த்த பிறகுதான் மறுபடி போட வேண்டும். கரகரப்பெல்லாம் பவர் ட்யூபுக்கு முந்தைய ப்ரீஆம்ப் பகுதியிலேயே பிறக்கும் மாஸ்டர் வால்யூம் ஆம்புக்கு இந்தப் பெட்டிகளால் பெரிய பயன் இல்லை. ஸ்பீக்கர் தானே உடைந்து தரும் ஒலியை எந்தப் பெட்டியும் தராது. டீலக்ஸ் ரிவெர்புக்கு 8 டெசிபல் வரை எல்-பேடே போதும், மிச்சப் பணத்தை ஸ்பீக்கரில் போடலாம். 50, 100 வாட் ப்ளெக்ஸி (பழைய மார்ஷல்) வகைக்கு, ஒத்திகைக்கு மட்டும் என்றால் படிகள் உள்ள ரியாக்டிவ், வீட்டிலும் வேண்டுமென்றால் ரீ-ஆம்ப். பெட்டியை ஆம்பின் காற்றுத் துளை மேல் வைக்காதீர்கள். தரையில், நான்கு பக்கமும் கை நுழையும் இடம் விட்டு வையுங்கள்.